நோட்டில் நான் எழுதிய பதினோரு நாட்கள்

தம்பி,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. உன் அம்மா காலையிலிருந்து பூக்காரரோடும் சாப்பாட்டுக்காரரோடும் ஃபோனில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்கு விடுப்பு கொடுத்ததே அவள்தான், எழுதச் சொன்னதும் அவள்தான். நியாயமாக உன்னை எதிரில் உட்காரவைத்துச் சொல்லவேண்டிய விஷயம் இது. முயன்று பார்த்தேன். போன வாரம் நீ காடி ஓட்ட, பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது "தம்பி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீ வானொலியை நிறுத்திவிட்டு "என்னப்பா?" என்றாய். நான் "டயர்ல காத்து கம்மியா இருக்கு போல" என்றேன். நீயும் பாவம், அடுத்த பெட்ரோல் நிலையத்தில் இறங்கி நாலு டயரையும் அழுத்திப் பார்த்தாய். நாலும் கல்லு மாதிரி இருந்தன. உன் அப்பனின் வாய் அவ்வளவுதான். அதனால் எழுதி, உன் நெபுலைசர் பெட்டிக்குள் வைக்கப்போகிறேன். மூச்சு மருந்து எடுக்க அதைத் திறக்காமல் உனக்கு விடிவதில்லை. படித்த பிறகு, உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற ரெஜினாவிடமும் கொடு. உன்னைப்போல் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற வேறு யாருக்காவது காட்டவேண்டும் என்று தோன்றினால் அவர்களுக்கும் காட்டு. எனக்கு ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

இது தொடங்கியது போன மாதம் ரெஜினா நம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. நிபோங் திபாலிலிருந்து மாதாகோயில் பூசை முடிந்த கையோடு வந்தாள், உன் முதுகைத் தட்டக் கற்றுக்கொள்ள. கல்யாணத்துக்கு முன்பு மாமியாரிடம் மீன்கறி கற்றுக்கொள்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சுச்சளியை இளக்கித் தட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்ணை அன்றுதான் பார்த்தேன். நீ தலையணைமேல் குப்புறப் படுத்திருந்தாய். உன் அம்மா "கையக் குழிச்சு வச்சுத் தட்டணும்மா, தட்டையா அடிச்சா அவனுக்கு வலிக்கும்" என்று காட்டிக்கொண்டிருந்தாள். ரெஜினா ஆசிரியர் அல்லவா, கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ரம்புத்தான் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்: "ஒரு நாள் தட்டாம விட்டா என்ன ஆகும்?" நீ தலையணைக்குள் முகத்தை வைத்தபடியே சொன்னாய்: "விட்டிருக்கேன். எஸ்பிஎம் பரீட்சை நேரத்துல நாலு நாள் சோம்பேறித்தனமா விட்டுட்டேன். அப்பதான் ரத்தம் வந்துச்சு. அப்ப போன மூச்சு இன்னும் திரும்பி வரல. என் தப்புதான் லா. உன்கிட்ட இருக்கும்போது அப்படி விடமாட்டேன்." ரெஜினா உன் தோளில் கையை வைத்தாள். நான் ரம்புத்தான் கூடையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பழம் தீர்ந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். பழம் நிறைய இருந்தது.

பத்து வருடமாக நீ இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். டாக்டரிடம் சொன்னாய், நண்பர்களிடம் சொன்னாய், பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. என் காதுபட நீ சொன்ன ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறக்கவில்லை.

உன் நோயைப் பற்றி உனக்கே நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நாங்கள் அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதைக் கேள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அம்மா உன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு "என்னங்க, புள்ள உப்புக் கரிக்குது" என்பாள். "பினாங்கு வெயிலுக்கு எல்லாரும்தான் கரிப்பாங்க" என்று நான் பெரிய அறிவாளியாகப் பதில் சொன்னேன். ஆறு வருடம் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் உன் உடம்பில் ஒட்டவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் உன் கையில் வேர்வை வரவைத்து அதிலிருக்கும் உப்பை அளந்து, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார். அக்கம்பக்கத்து கிளினிக்காரர் அதை நம்பவே இல்லை. "அது வெள்ளக்காரங்களுக்கு வர்ற வியாதி லா அண்ணே" என்றார். யார் வழியில் வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். எனக்குள் பாதி, உன் அம்மாவுக்குள் பாதி, இரண்டும் சேர்ந்துதான் உனக்கு வந்தது என்றார்கள். அதுவரை என் குடும்பத்தைச் சாடையாகப் பேசிவந்த உன் தாய்வழி மாமா அன்றோடு அடங்கினார். சிரிக்காதே, அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

என் வேலையும் உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் ஜெலுத்தோங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தேன். நாய் துரத்தியிருக்கிறது, குளவி கொட்டியிருக்கிறது. எண்ணை மட்டும் தப்பாக எழுதியதில்லை என்று மார்தட்டிக்கொள்வேன். ஆனால் எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் பூட்டியிருந்து மீட்டரைப் பார்க்க முடியாவிட்டால், முந்தைய மாதங்களின் அளவைப் பார்த்து ஒரு எண்ணை எழுதிவிட்டு, பக்கத்தில் 'அங்காரான்' என்று குறிக்கவேண்டும், அதாவது உத்தேசம். அது தப்பில்லை, சட்டப்படியான காரியம். அடுத்த மாதம் வாசல் திறந்ததும் உண்மையான எண் வந்து எல்லாவற்றையும் நேராக்கிவிடும். இந்தப் பழக்கம் என் கையில் ஊறிப்போயிருந்தது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்.

நீ பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் இருந்தபோதுதான் டாக்டர் மெய் வந்தார். ஒல்லியாக, வேகமாகப் பேசுகிற, ஆராய்ச்சி செய்கிற அந்தப் பெண். நுரையீரலில் கிருமி பெருகத் தொடங்கினால், காய்ச்சல் வருவதற்கு முன்பே மூச்சுக்காற்றில் சில வாயுக்கள் மாறும், இரத்தத்திலும் சில அளவுகள் ஏறும், அதை முன்கூட்டியே பிடித்துவிட்டால் உன்னைப்போன்ற பிள்ளைகளின் நுரையீரலைக் காப்பாற்றலாம் என்று எனக்குப் புரியும்படி சொன்னார். அவர் அதை பயோமார்க்கர் என்றார். நான் 'மூச்சுக்கு மீட்டர்' என்று வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் வெறும் வயிற்றோடு நீ ஒரு வெள்ளிநிறப் பைக்குள் ஊதவேண்டும், பிறகு ஒரு குழாய் இரத்தம் கொடுக்கவேண்டும். மற்ற நாட்களில் வீட்டில் ஒரு சின்னக் கருவியில் ஊதி, ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறாய் என்ற எண்ணையும், இருமல் உண்டா, சளி என்ன நிறம் என்பதையும் ஒரு நோட்டில் எழுதவேண்டும். எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எண் எழுதுவதில் என்னை மிஞ்சி இந்தத் தீவில் யார் இருக்கிறார்கள் என்ற திமிர்.

முதல் சனிக்கிழமை நடந்த கூத்து நினைவிருக்கிறதா? பல் துலக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது என்று எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உன் அம்மா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, புறப்படும்போது 'பாவம், புள்ளைக்கு நல்லா மூச்சு வரட்டும்' என்று உன் நெஞ்சிலும் மூக்கிலும் தைலத்தைத் தேய்த்து அனுப்பினாள். நீ ஊதிய பையைத் திறந்ததும் அந்த அறை முழுக்க யூகலிப்டஸ் வாசம். டாக்டர் மெய் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அங்கிள், இந்தப் பையில உங்க பையன் இல்ல, மருந்துக்கடைதான் இருக்கு" என்றார் மலாயில். தாதிகளெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அம்மாவுக்கு அவமானம், ஒரு வாரம் தைலப் போத்தலை அலமாரி மேலே ஏற்றி வைத்திருந்தாள். அவள் செய்த தப்பு வாசத்தோடு இருந்தது, அதனால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. என் தப்புக்கு வாசமே இல்லை.

எஸ்பிஎம் தேர்வு பாதி முடிந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை. உனக்கு நினைவிருக்கும், நீ ஊதும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாய். கருவியை நான்தான் பிடித்திருப்பேன், எண்ணை நான்தான் வாசித்துச் சொல்வேன். வழக்கமாக இரண்டு புள்ளி நான்கு காட்டும். அன்று இரண்டு புள்ளி ஒன்று. "எவ்ளோப்பா?" என்றாய். இவ்வளவு குறைந்தால் உடனே ஃபோன் செய்யவேண்டும், வார்டில் சேர்த்து இரண்டு வாரம் ஊசிமருந்து ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் என்றால் மிச்சத் தேர்வு எல்லாம் போச்சு. ஏற்கெனவே நோயால் ஒரு வருடம் பின்தங்கியிருந்த பிள்ளை நீ. மேசையில் நீ கலர் கலராகக் கோடு போட்டுப் படித்த புத்தகங்கள் கிடந்தன. 'சரியா ஊதியிருக்கமாட்டான், இன்னிக்கு வாசல் பூட்டியிருக்கு, அவ்ளோதான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ரெண்டு புள்ளி நாலு. ஓகே லா, போய்ப் படி" என்றேன். நோட்டிலும் போன வார எண்ணையே எழுதினேன். பக்கத்தில் 'உத்தேசம்' என்றுகூட எழுதவில்லை. மற்றவர்களின் தண்ணீருக்குக் காட்டிய அந்த நேர்மையை உன் மூச்சுக்குக் காட்டவில்லை.

ஒரு நாள் செய்தது மறுநாள் பழகிப்போனது. இரண்டு புள்ளி ஒன்று, இரண்டு, ஒன்று புள்ளி ஒன்பது என்று எண் இறங்கியது. நோட்டில் மட்டும் அது ஆடாமல் அசையாமல் நின்றது. 'இருமல் இல்லை' என்று எழுதும்போது நீ அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தாய். அந்தச் சனிக்கிழமை பையில் ஊதினாய், இரத்தம் கொடுத்தாய். பெரிய மெஷினில் ஊதவைப்பது மாதம் ஒரு முறைதான் என்பதால் அன்று தப்பித்தேன். மறுநாள் ஞாயிறன்றே டாக்டர் மெய் ஃபோன் செய்தார். இரத்தத்தில் ஒரு அளவு ஏறியிருக்கிறது, மூச்சிலும் ஏதோ மாறியிருக்கிறது, ஆனால் நோட்டைப் பார்த்தால் பையன் நன்றாக இருக்கிறான், எது சரி என்று கேட்டார். தண்ணீர்க் கட்டணம் தப்பென்று சண்டைக்கு வருகிறவர்களிடம் மீட்டர் அட்டையைக் காட்டிப் பேசும் அதே குரலில் சொன்னேன்: "நோட்டுதான் சரி, டாக்டர். நான் தினமும் என் கண்ணால பார்த்து எழுதறேன்." மூச்சுப் பரிசோதனை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, அதை மட்டும் வைத்து வார்டில் சேர்க்கச் சொல்ல முடியாது, இரத்த அளவு சாதாரணச் சளிக்கும் ஏறும் என்று அவர் தனக்குள் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, ஏதாவது மாறினால் உடனே கூப்பிடச் சொல்லி ஃபோனை வைத்தார்.

அன்று மாலைதான் நீ கேட்டாய்: "அப்பா, நம்பர் நல்லாத்தானே இருக்கு? நாளைக்கு பேப்பர். இன்னிக்கு தட்ட வேணாம்பா, அந்த நேரத்துல படிச்சுக்கிறேன்." தம்பி, இந்த இடத்தை இரண்டு முறை படி. நீ சோம்பேறித்தனத்தால் விடவில்லை. நான் சொன்ன எண்ணை நம்பி விட்டாய். உண்மையான எண்ணைக் கேட்டிருந்தால் நீயே "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்லியிருப்பாய். உன் உடம்பு விஷயத்தில் நீ ஒரு நாளும் விளையாட்டாக இருந்ததில்லை. நான் "சரி, விடு" என்றேன். நாலு நாள் அப்படியே போனது. பதினோராவது நாள், வியாழக்கிழமை காலை, நீ குளியலறையிலிருந்து கையைக் குவித்துக்கொண்டு வந்தாய். கை நிறைய இரத்தம். "அப்பா" என்று மட்டும் சொன்னாய். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மூன்று வாரம் வார்டில் இருந்தாய். தேர்வுக்காகத்தானே பொய் எழுதினேன், கடைசி இரண்டு பேப்பரை நீ எழுதவே இல்லை. இரண்டு புள்ளி நான்கும் பிறகு வரவே இல்லை. எவ்வளவு மருந்து ஏற்றியும் இரண்டோடு நின்றுவிட்டது. வார்டு டாக்டர் ஏன் இப்படியானது என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நாலு நாள் தட்டாம விட்டுட்டேன், டாக்டர்." அவர் உன்னைச் செல்லமாகத் திட்டினார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் கட்டிலின் அந்தப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. பழி உன்மேல் போய் உட்கார்ந்ததும் என் நெஞ்சு கொஞ்சம் லேசானது, தம்பி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. உன் பழியில் நான் குளிர்காய்ந்தேன்.

ரெஜினா வந்துபோன மறுநாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்தாள். பிறகு மூன்று நாள் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான்காம் நாள், "தைலம் தேச்சதுக்கு என்னை எத்தனை வருசம் கிண்டல் பண்ணீங்க" என்றாள். பிறகு அழுதாள். "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய, அவங்கிட்ட சொல்லுங்க" என்றாள். நான் அப்போதும் உன்னிடம் வரவில்லை. எனக்கு எளிதான வாசலாகப் பார்த்து, செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில் இப்போது வேலைசெய்கிற டாக்டர் மெய்யைத் தேடிப் போனேன்.

அவருக்கும் தலை நரைத்திருக்கிறது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, தைலம் எப்படியிருக்கிறது என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கணினியில் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தார். உன் மூச்சும் இரத்தமும் ஒரு பக்கம் ஏறியிருந்தன. என் எண்கள் நேர்கோடாகக் கிடந்தன. "இந்த ரெண்டு வாரம் எங்களுக்குப் புரியவே இல்ல, அங்கிள்" என்றார். பிள்ளை நன்றாக இருக்கும்போதே நோய் என்று காட்டிவிட்டது, அதனால் மூச்சுப் பரிசோதனை அங்கே தவறியது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இரத்தம் வந்த பிறகாவது என் நோட்டைச் சந்தேகப்பட்டிருக்கலாம். ஒரே நாளில் நிலைமை மோசமாகிவிட்டது என்றுதான் நினைத்தார்களாம். தினமும் கண்ணால் பார்த்து எழுதுகிறேன் என்று அடித்துச் சொன்ன ஒரு தகப்பனை யார் சந்தேகப்படுவார்கள்? இத்தனைக்கும் உன் மூச்சு நாலைந்து நாள் முன்பே சரியாகச் சொல்லியிருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கும் உதவியிருக்கவேண்டிய ஒரு சாட்சியை நான் பொய்ச்சாட்சி ஆக்கிவிட்டேன். அந்த நாட்களின் என் எண்களைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டுக் காரணத்தையும் எழுதிவைப்பதாகச் சொன்னார். திட்டவில்லை. "உங்க பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்புறம் ஏன் முதல்ல என்கிட்ட வந்தீங்க?" என்றார்.

கல்யாணம் ஆகிறவனுக்கு அப்பா புத்தி சொல்லவேண்டுமாம். சொல்லத் தகுதி இல்லாதவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஊதும்போது கண்ணைத் திறந்துகொள். எண்ணை நீயே பார், நீயே எழுது. பாசக்காரர்கள் கையில் பேனாவைக் கொடுக்காதே, என் லட்சணத்தைத்தான் பார்த்தாயே. எண் குறைந்தால் குறைந்தது என்று ரெஜினாவிடம் அன்றைக்கே சொல். அவள் முகம் வாடுமே என்று ஒரு புள்ளியைக்கூட ஏற்றிச் சொல்லாதே. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நம் வீட்டில் எல்லாரும் 'ஓகே லா' என்று பழகிவிட்டோம். நீயாவது அதை விடு. குழந்தை விஷயத்தில் நீங்கள் இரண்டு பேரும் டாக்டரிடம் பேசி முடிவெடுத்திருப்பதாக அம்மா சொன்னாள். உறவுக்காரர்கள் கேட்டால் நீங்கள் பதில் சொல்லவேண்டாம், என்னிடம் அனுப்புங்கள். அந்த ஒரு வாசலில் காவல் நிற்கவாவது எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. நீ கோபப்பட்டால் படு. கல்யாணத்தன்று என் பக்கத்தில் நிற்க மனம் வரவில்லையென்றால் அம்மாவோடு நின்றுகொள், நான் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். 'பரவால்லப்பா' என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் சுபாவத்துக்கு அதைத்தான் முதலில் சொல்வாய். நீ இழந்தது உன் மூச்சு. அதைப் பரவாயில்லை என்று தள்ளாதே.

ஒன்றே ஒன்று எனக்காகச் செய். தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ரெஜினாவிடம் அன்று சொன்னாயே, அதைத் திருத்திச் சொல். வார்த்தையை மெழுகாதே, என் வயதைப் பார்க்காதே. "நான் தட்டாம விட்டதால இல்ல, எங்கப்பா பொய் எழுதினார்" என்று சொல். முதல் முறை உனக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் சொல், தம்பி.

அப்பா